உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் காரை யார் செய்யச் சொல்கிறார்கள், ஏன்?

கேட்கப்பட்டது நான்கு கேள்விகள். ஷோரூமிலேயே நல்ல ஃபெராரி கிடைக்கும்போது சில பணக்காரர்கள் அதைப்போல் பல மடங்கு கொடுத்து, வேறு யாரிடமும் இல்லாத ஒரே ஒரு காரை ஏன் செய்து வாங்குகிறார்கள்? பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாமா? பின்னால் விற்றால் லாபமா? நம்மைப் போன்றவர்கள் அவற்றைப் பார்க்கவாவது முடியுமா?

நான் பதினான்கு வருடமாகக் கார் டிசைன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். சென்னையில்தான். நாங்கள் செய்வது குடும்பங்கள் வாங்கும் சாதாரணக் கார்கள். ஆனால் இந்தத் தனிக் கார்களைப் பற்றி வரும் ஒவ்வொரு படத்தையும் நாங்கள் ஸ்டுடியோவில் பெரிய திரையில் போட்டு, ஒவ்வொரு கோடாகப் பார்த்துப் பேசுவோம், சில நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். அதனால் வேலை செய்பவர்களின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

'வாங்குவது' என்ற சொல்லே இங்கே சரியாகப் பொருந்தாது. கல்யாணத்துக்கு நகை செய்யக் கொடுப்போமே, கடையில் தொங்குவதை எடுக்காமல் ஆசாரியிடம் போய் உட்கார்ந்து, பாட்டியின் பழைய அட்டிகையைக் காட்டி, இந்த மாதிரிதான் வேண்டும் ஆனால் கல் இப்படி இருக்கட்டும், எடை இவ்வளவு போதும் என்று சொல்லி, நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோமே, அதுதான் இது. காசு கொடுப்பது கடைசியில் கையில் வரும் பொருளுக்கு மட்டும் இல்லை, அது உருவாகும் இரண்டு மூன்று வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதற்கும் சேர்த்துத்தான். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது பங்குதான் பெரியது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். விற்பனை விளம்பரங்களில் 'உலகத்திலேயே ஒன்று' என்று போடுகிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்த வகை கிடையாது. தொழிற்சாலையில் வரிசையாக வரும் அதே காரை எடுத்து, வேறு யாரும் கேட்காத ஒரு பெயின்ட், வேறு தோல், வேறு நிறத் தையல் நூல், கதவுப் படியில் ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான். அழகாக இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் உடலின் தகடும் கண்ணாடியும் கதவும் எல்லாம் மற்ற காருடையதேதான். நான் இங்கே பேசுவது மேலுடல் முழுவதும் புதிதாக வரையப்பட்டு, புதிதாக அச்சு எடுக்கப்பட்ட கார்களைப் பற்றி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸுடையது. நியூயார்க்காரர், முதலில் சினிமா இயக்குநர், பிறகு குடும்பத்து முதலீட்டுத் தொழிலுக்குப் போனவர். பழைய பந்தய ஃபெராரிகள் மீது அவருக்கு உயிர். 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்று ஃபெராரிகள் முதல் மூன்று இடத்தையும் பிடித்துக் கோட்டை ஒன்றாகச் சேர்ந்து தாண்டின. முந்தைய வருடம் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் ஃபோர்டு கார்கள் அதே மாதிரி வந்து நின்றதற்கு ஃபோர்டின் சொந்த மண்ணிலேயே கொடுத்த பதிலாக அது பேசப்படுகிறது. அந்த பி3, பி4 வரிசைக் கார்கள் தாழ்வாக, உருண்டையாக, சக்கரத்துக்கு மேலே இரண்டு தோள் எழும்பி நிற்க, நடுவில் ஒரு கண்ணாடிக் குமிழ் மாதிரி ஓட்டுநர் அறை வைத்திருக்கும். பந்தயக் கார்களிலேயே இவைதான் மிக அழகானவை என்று சொல்பவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்.

கிளிக்கன்ஹாஸ் அந்த அழகை இன்றைய காரில் பார்க்க ஆசைப்பட்டார். டூரினில் இருக்கும் பினின்ஃபரீனா நிறுவனத்தோடு சேர்ந்தார். இவர்கள்தான் பல பத்தாண்டுகளாக ஃபெராரிகளுக்கு உருவம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அடிப்படைக்கு ஒரு ஃபெராரி என்சோவை எடுத்தார்கள். என்சோ மொத்தமே 400 கார்கள்தான், கடைசி ஒன்றை ஃபெராரி போப்பாண்டவருக்குத் தர்ம காரியத்துக்காகக் கொடுத்தது. அப்படிப்பட்ட ஒரு காரை, அதுவும் அமெரிக்காவில் விற்காமல் மீதமிருந்த புத்தம் புதிய ஒன்றை வாங்கி, கப்பலேற்றி இத்தாலிக்கு அனுப்பி, அதன் உடலைக் கழற்றச் சொன்னார். அந்தச் செய்தி வந்தபோது என்சோவை அறுக்கலாமா என்று கோபப்பட்ட ரசிகர்கள் ஏராளம்.

வரைந்தவர் ஜேசன் காஸ்ட்ரியோட்டா, அவருக்கு மேலே டிசைன் தலைவராக கென் ஒகுயாமா. உடல் முழுக்கக் கார்பன் ஃபைபர். இந்த ஒரே காருக்கென்று 200-க்கும் மேற்பட்ட பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்டன. காரின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பினின்ஃபரீனாவின் சொந்தக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 2006 ஆகஸ்டில், அரிய கார்களின் அழகுப் போட்டி நடக்கும் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் திரையை விலக்கினார்கள். செலவு சுமார் 40 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அதுவரை அது ஃபெராரியின் அதிகாரப்பூர்வமான கார் கிடையாது. அப்போது ஃபெராரியின் தலைவராக இருந்த லூக்கா டி மோன்டெஸெமோலோ அதைப் பார்த்துவிட்டு, இது ஃபெராரி பெயரையும் சின்னத்தையும் தாங்கலாம் என்று ஒப்புக்கொண்டார். 'ஃபெராரி பி4/5 பை பினின்ஃபரீனா' என்ற பெயர் அப்படி வந்தது. ஒரு வாடிக்கையாளர் வெளியே செய்த காருக்கு அந்தக் கம்பெனி தன் பெயரைக் கொடுத்தது சாதாரண விஷயமே இல்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2008-ல், ஃபெராரி தானே இந்த வேலையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு முதல் காரை வெளியிட்டது. எஸ்பி1 என்று பெயர், ஜப்பானிய சேகரிப்பாளர் ஒருவருக்காக, வரைந்தது லெயொனார்டோ ஃபியோராவன்ட்டி. அதிலிருந்து இன்றுவரை எஸ்பி என்று தொடங்கும் பெயரில் ஒன்றொன்றாக வந்துகொண்டே இருக்கிறது, எஸ்பி38, எஸ்பி48 யூனிகா, எஸ்பி51, எஸ்பி-8 என்று. ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு ஒரே ஒரு கார்.

சரி, ஏன் இவ்வளவு செலவு? இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் 'பணக்காரன் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

நாங்கள் செய்யும் ஒரு சாதாரணக் காரின் முன் பக்கவாட்டுத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தி எடுக்கும் அச்சு, டை என்போம், பல டன் எடையுள்ள எஃகு, அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதிலிருந்து லட்சக்கணக்கில் தகடு எடுப்பதால் ஒரு காருக்கு என்று வகுத்தால் மிகக் குறைவாகிவிடும். ஒரே ஒரு கார் என்றால் வகுக்க ஆள் இல்லை. கார்பன் ஃபைபருக்கு எஃகு டை வேண்டாம், ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் முதலில் ஒரு மூல வடிவம் கடைந்து, அதைத் தேய்த்து மெருகேற்றி, அதன் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் துணி துணியாகக் கார்பனை அடுக்கி, அடுப்பில் அழுத்தத்தோடு வேகவைத்து எடுக்க வேண்டும். அந்த அச்சின் வேலை அதோடு முடிந்தது. வரைந்தவர், கணினியில் மேற்பரப்பு செய்தவர், காற்றோட்டம் கணக்கிட்டவர், தைத்தவர், ஓட்டிப் பார்த்தவர், எல்லோருடைய சம்பளமும் ஒரே காரின் தலையில் ஏறுகிறது.

களிமண் மாடலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அது ஆற்றங்கரைக் களிமண் கிடையாது, மெழுகு கலந்த பழுப்பு நிறக் கட்டி. அடுப்பில் சூடாக்கினால் இளகும், ஆறினால் சோப்பு மாதிரி சீவ வரும். உள்ளே நுரைப்பலகை வைத்து அதன் மேல் அப்பி, இயந்திரம் முதலில் முரட்டாகக் கடைந்து கொடுக்கும். மீதி கைதான். எங்கள் ஸ்டுடியோவில் மூத்த மாடலர் ஒருவர் இருக்கிறார், இரும்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் கதவின் முழு நீளத்துக்கும் சீவுவார், சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழும். அப்புறம் கருப்பு டேப்பை ஒட்டிக் கோடு பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் மேலே, மறுபடி கீழே. கடைசியில் வெள்ளி நிறத்தில் மெல்லிய படலம் ஒன்றை ஈரத்தோடு இழுத்து மேலே ஒட்டினால் பெயின்ட் அடித்த கார் மாதிரியே மின்னும். அப்போது மேலே குழல் விளக்கைப் போட்டு, அந்த வெளிச்சக் கோடு உடலின் மேல் எப்படி ஓடுகிறது என்று நின்று பார்ப்போம். நடுவில் எங்காவது அது லேசாக நெளிந்தால் படலத்தை உரித்துவிட்டு மறுபடியும் சீவ வேண்டும். சாதாரணக் காரில் ஒரு கட்டத்தில் போதும், தேதி நெருங்கிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். தனிக் காரில் அந்த இடத்தில் நிற்பது காசு கொடுத்த மனிதர். அவர் சரி என்று சொல்லும் வரை முடியாது.

இவ்வளவு சுதந்திரம் இருந்தாலும் தொட முடியாத இடங்கள் உண்டு. தொழிலில் அவற்றை ஹார்ட் பாயின்ட் என்போம். சேஸி என்னும் அடிச்சட்டகம், எஞ்சின் இருக்கும் இடம், சக்கரங்களுக்கு இடையிலான தூரம், ஏர்பேக், விபத்தில் நொறுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் முன்பகுதி, இவை அடிப்படைக் காரில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். காரணம் எளிது. ஒரு புது மாடலைச் சாலைக்கு விட வேண்டுமானால் சிலவற்றைச் சுவரில் மோதிக் காட்ட வேண்டும், இருப்பதே ஒன்று என்றால் எதை மோதுவது? அதனால் ஏற்கெனவே சோதனையில் தேறிய காரின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு தோலை மட்டும் மாற்றுகிறார்கள். முகப்பு விளக்கும் முன் கண்ணாடியும் அப்படித்தான், புதிதாகச் செய்தால் அவற்றுக்கு என்று தனியாக அனுமதி வாங்க வேண்டும், செலவும் காலமும் எகிறும். 2020-ல் ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவருக்காக வந்த ஃபெராரி ஓமொலொகாட்டாவைப் பாருங்கள். அது 812 சூப்பர்ஃபாஸ்ட்டின் மேல் கட்டப்பட்டது. வெளியே பழைய காரிலிருந்து மிச்சம் இருப்பது முன் கண்ணாடியும் முகப்பு விளக்குகளும்தான், மற்றதெல்லாம் புதிது. முதல் ஓவியத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. உள்ளே சில உலோகப் பாகங்களில் வேண்டுமென்றே சுருக்கம் விழுந்த மாதிரி கரடுமுரடான பெயின்ட் பூசியிருக்கிறார்கள், 1950, 60-களின் பந்தயக் கார்களின் டாஷ்போர்டு அப்படித்தான் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே உட்காரும் ஒருவருக்கு மட்டும் தெரியும் வேலை அது. எனக்கு அந்தக் காரிலேயே பிடித்த இடம் அதுதான்.

கிளிக்கன்ஹாஸ் அமெரிக்கத் தரத்தில் இருந்த என்சோவைத் தேடிப் பிடித்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் கடுமையானது. அங்கே சோதிக்கப்படாத போர்ஷே 959 ஒன்றை பில் கேட்ஸ் வாங்கிவிட்டு, சுங்கத்தில் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தது பழைய கதை. 1999-ல்தான் அரிய கார்களைக் காட்சிக்காகக் கொண்டு வந்து, வருடத்துக்கு 2,500 மைல் வரை ஓட்டலாம் என்ற விதிவிலக்கு வந்தது. அடிப்படைக் காரே அமெரிக்கச் சோதனையில் தேறியது என்றால் பாதிச் சிக்கல் ஆரம்பத்திலேயே குறைகிறது. கிளிக்கன்ஹாஸ் நியூயார்க் நம்பர் பிளேட்டோடு அந்தக் காரைச் சாலையில் ஓட்டினார்.

சாலையே வேண்டாம் என்று முடிவு செய்தால் கட்டுகள் இன்னும் தளரும். 2019-ல் வந்த ஃபெராரி பி80/சி, ஹாங்காங் சேகரிப்பாளர் ஒருவருடையது, 488 ஜிடி3 பந்தயக் காரின் சேஸி மேல் செய்தது. 488 சாலைக் காரைவிட அதில் சக்கரங்களுக்கு இடையே 50 மில்லிமீட்டர் கூடுதல் என்பதால் ஓட்டுநர் அறையை முன்னால் தள்ளிக் காட்ட முடிந்தது. பந்தயத்தில் ஓடாது, அதனால் பந்தய விதி கிடையாது. சாலையில் ஓடாது, அதனால் சாலை விதியும் கிடையாது. நான்கு வருடம் எடுத்தார்கள். அதுவும் பி3, பி4 கார்களை நினைத்துச் செய்ததுதான். அறுபதுகளின் அந்த ஒரு கார்க் குடும்பம் எத்தனை பேர் மனதில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, பணம் இருந்தால் போதுமா. போதாது. பல வருடமாக அந்தக் கம்பெனியோடு பழகியவர், பல கார்களை வைத்திருப்பவர், அவற்றை வாங்கிய மறு மாதமே விற்றுவிடாதவர், இவர்களுக்குத்தான் கதவு திறக்கும். கிட்டார் இசைக்கலைஞர் எரிக் கிளாப்டனுக்கு 2012-ல் செய்த எஸ்பி12 இசி நல்ல உதாரணம். அவர் வெறும் பிரபலம் என்பதால் கிடைக்கவில்லை. எழுபதுகளின் 512 பிபி காரை ஒன்றில்லை, மூன்று வைத்திருந்தவர் அவர். அந்தக் காரின் சாயலில் ஒரு புதுக் கார் வேண்டும் என்று கேட்டார், 458 இத்தாலியாவின் மேல் செய்து கொடுத்தார்கள். 512 பிபியில் 12 சிலிண்டர், 458-ல் 8 தான். அவ்வளவு ஆசைப்பட்டவருக்கும் எஞ்சின் அடிப்படைக் காருடையதுதான் வந்தது. கம்பெனியும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதில்லை. இந்த வளைவு ஃபெராரிக்கு ஒத்து வராது என்று டிசைனர்கள் மறுக்கலாம், ஏனென்றால் சின்னம் அவர்களுடையது, நாளைக்கு ஊர் பேசப்போவது அவர்களைத்தான். அந்த இழுபறி நன்றாக நடந்தால்தான் கார் நன்றாக வருகிறது என்பது என் அனுபவம், வேறு வகைக் காரில் கிடைத்த அனுபவம் என்றாலும்.

இது ஏதோ இந்தக் காலத்துப் பணத் திமிர் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் பெரிய கார்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் விற்றன. ரோல்ஸ் ராய்ஸோ டியூசன்பெர்கோ உங்களுக்குக் கொடுப்பது எஞ்சினும் சக்கரமும் உள்ள சேஸி மட்டும். மேலுடலுக்கு நீங்கள் ஒரு கோச்பில்டரிடம் போக வேண்டும். இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் அமெரிக்க டியூசன்பெர்க் எஸ்ஜே சேஸியை வாங்கி, லண்டனில் கர்னி நட்டிங் என்ற நிறுவனத்திடம் உடல் கட்டச் செய்தார். நீண்ட மூக்கு, திறந்த மேற்பகுதி, வேறு ஒன்று அப்படி இல்லை. பிறகு சேஸியும் உடலும் ஒரே கூடாக வரத் தொடங்கியதும் அந்தத் தொழிலே மெல்லச் செத்துப்போனது. மிஞ்சியது இத்தாலியில் சில பட்டறைகள்.

அந்தப் பட்டறைகளில்தான் இயக்குநர் ரொபெர்ட்டோ ரொஸெல்லினி மாதிரி ஆட்கள் வந்து நின்றார்கள். 1954-ல் அவர் மனைவி, நடிகை இங்கிரிட் பெர்க்மனுக்காக ஒரு ஃபெராரி 375 எம்எம் தனியாகச் செய்யப்பட்டு பாரிஸ் கண்காட்சியில் நின்றது. அதன் சாம்பல் நிறத்துக்கு 'கிரிஜோ இங்கிரிட்' என்று பெயர், இன்றும் ஃபெராரியில் அந்தப் பெயரில் பெயின்ட் கேட்கலாம். ரொஸெல்லினியின் இன்னொரு 375 எம்எம் விபத்துக்குப் பின் ஸ்காலியெட்டி பட்டறையில் புது உடல் போட்டுக்கொண்டது. அறுபது வருடம் கழித்து, 2014-ல், பெபிள் பீச்சில் முதல் பரிசு வாங்கிய முதல் ஃபெராரி அதுதான். ஃபியட் கம்பெனியின் தலைவர் ஜியான்னி அன்யெல்லிக்கு 1986-ல் செய்த ஃபெராரி டெஸ்டரோஸா ஸ்பைடரும் இப்படி ஒன்று. ஃபெராரி அந்த மாடலில் கூரை திறக்கும் காரை வேறு யாருக்கும் அதிகாரப்பூர்வமாக விற்கவில்லை. நிறம் வெள்ளி. வெள்ளி உலோகத்தின் வேதியியல் குறியீடான Ag-யும் அன்யெல்லி என்ற குடும்பப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தும் ஒன்று என்பதால் அந்த நிறம்.

தப்பான உதாரணமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் புருனே அரச குடும்பம் இந்த மாதிரிக் கார்களை ரகசியமாக, கொத்துக் கொத்தாகச் செய்து வாங்கியது. பினின்ஃபரீனா அவர்களுக்கென்றே ஃபெராரி எஃப்எக்ஸ் என்று ஒரு காரை உருவாக்கியது, கியர்பாக்ஸில் வில்லியம்ஸ் ஃபார்முலா ஒன் குழுவின் வேலை இருந்தது. 456 காரை வைத்து நான்கு கதவு, ஸ்டேஷன் வேகன் எல்லாம் செய்தார்கள். அவற்றில் பல அந்த ஈரக்காற்றில் கராஜுக்குள் ஓட்டப்படாமல் கிடந்து வீணானதாகச் செய்திகள் வந்தன. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அத்தனை பேர் ராப்பகலாகச் சீவிய கோடு, ஒருவர் கண்ணிலும் படாமல் பூஞ்சை பிடித்துப்போவது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

புகாட்டியின் லா வாய்த்தூர் நுவார் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 2019 ஜெனீவா கண்காட்சியில் வந்தது, வரிக்கு முன் விலை 1 கோடியே 10 லட்சம் யூரோ, அன்றைக்கு ஏறக்குறைய 87 கோடி ரூபாய். வாங்கியவர் பெயரை அவர்கள் சொல்லவில்லை. அதன் பின்னணி உருக்கமானது. 1936-லிருந்து 38 வரை புகாட்டி டைப் 57 எஸ்சி அட்லான்டிக் நான்கே நான்கு செய்தது. அதில் ஒன்று, எட்டோர் புகாட்டியின் மகன் ஜான் ஓட்டிய கருப்புக் கார், ஜெர்மன் படை பிரான்சுக்குள் வந்த சமயத்தில் காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கருப்புக் காரை நினைத்து இது. கதை பெரிதுதான், வேலையும் சுத்தம், ஆனால் பழைய அட்லான்டிக்கின் முதுகில் ரிவெட் அடித்து ஓடும் அந்தத் துடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் புதியது எனக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. இது என் கண், மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது, லாபமா. முதலீடாக நினைத்து இதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மாடலில் 500 கார் இருந்தால் போன மாதம் இன்னொன்று எவ்வளவுக்குப் போனது என்று பார்த்து விலை சொல்லலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒப்பிட எதுவும் இல்லை. அது இன்னொருவருடைய ரசனை, இன்னொருவருடைய அளவுக்குத் தைத்த சட்டை. அதை அதே அளவு ஆசைப்படும் இரண்டு பேர் ஒரே நாளில் ஏலத்தில் வந்து உட்கார வேண்டும். வந்து உட்கார்ந்தால் விலை எங்கேயோ போகும், உண்மைதான். 2023 பிப்ரவரியில் புகாட்டி சிரோன் ப்ரொஃபிலே, செய்ததே ஒன்று, பாரிஸ் ஏலத்தில் 97,92,500 யூரோவுக்குப் போனது. 2025 ஆகஸ்டில் ஃபெராரி தர்ம காரியத்துக்காகத் தனியாக அலங்கரித்த ஒரு டேட்டோனா எஸ்பி3-ஐ மான்டெரேயில் ஏலம் விட்டபோது 2 கோடியே 60 லட்சம் டாலர் வந்தது. இரண்டும் கம்பெனியே ஏலத்துக்கு அனுப்பிய புத்தம் புதுக் கார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பத்து வருடம் வைத்திருந்துவிட்டு விற்கும் கார் வேறு கணக்கு.

உலகத்திலேயே அதிக விலைக்குப் போன கார் 1955-ன் மெர்சிடஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே, 2022 மே மாதத்தில் 13 கோடியே 50 லட்சம் யூரோ. அதுவும் இரண்டே இரண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த விலை எண்ணிக்கைக்கு மட்டும் வந்தது கிடையாது. 1955-ல் உலகப் பந்தயப் பட்டம் வென்ற காரின் மூடிய உடல் அது, அதை வடித்த பொறியாளர் ஊலன்ஹாட் தானே சாலையில் ஓட்டிக்கொண்டு திரிந்தார். அப்படி ஒரு வாழ்க்கையைக் கார் வாழ்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டுக் குளிர்சாதன அறையில் வைத்த காருக்கு அது எங்கிருந்து வரும்?

சில சமயம் ஒரு ஆளின் ஆசை மற்றவர்களுக்கும் வழி திறந்துவிடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் ஆஸ்டன் மார்ட்டின் விக்டர் என்று ஒன்று வந்தது. பழைய ஒன்-77 முன்மாதிரி ஒன்றின் சேஸி, 7.3 லிட்டர் வி12, 836 குதிரைத்திறன், கையால் போடும் 6 கியர். அவ்வளவு சக்திக்குக் கை கியர் வைப்பது துணிச்சலான வேலை. பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கும் ஒன்று என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2023-ல் அதன் சாயலிலேயே வாலர் என்ற காரை 110 மட்டும் செய்தார்கள், அதிலும் கை கியர்தான். இத்தாலியின் பகானி கம்பெனி செய்த ஸோண்டாவும் அப்படித்தான். 1999-ல் வந்த கார், அதற்கு அடுத்த மாடல் ஹுவய்ரா வந்த பிறகும் வாடிக்கையாளர்கள் விடவில்லை, எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வருடக்கணக்கில் தனித்தனிப் பெயரோடு செய்யச் சொல்லி அந்தக் காரைச் சாக விடாமல் வைத்திருந்தார்கள். ஃபார்முலா ஒன் வீரர் லூயிஸ் ஹாமில்டனின் ஊதா நிற 760 எல்எச் அந்த வரிசையில் வந்ததுதான்.

மறுபடியும் கிளிக்கன்ஹாஸுக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் கார்களை வைத்து என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு அவர் மேல் மரியாதை வரக் காரணம். 1970 ஜெனீவா கண்காட்சியில் பினின்ஃபரீனா மாடுலோ என்று ஒரு காரை வைத்தது, ஃபெராரி 512 எஸ் பந்தயக் காரின் மேல் பாவ்லோ மார்ட்டின் வரைந்தது. தரையில் தேய்கிற மாதிரி தாழ்வு, சக்கரங்கள் பாதி மூடியிருக்கும், கதவே கிடையாது, முன் கண்ணாடியோடு கூரை முழுக்க முன்னால் நகரும். காட்சிக்காகச் செய்தது, ஓடாது. நாற்பது வருடத்துக்கு மேல் பினின்ஃபரீனாவிடமே நின்றது. 2014-ல் அதை இவர் வாங்கி, வருடக்கணக்கில் வேலை செய்து, உண்மையாகவே சாலையில் ஓட வைத்தார். 2019-ல் மொனாக்கோ பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தபோது சைலன்சரிலிருந்து தீப்பிடித்துப் பின்பகுதி கொஞ்சம் கருகியது. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் கார். அந்த வீடியோவைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஸ்டுடியோவில் பேச்சில்லாமல் நின்றோம். அதற்காக அதை ஓட்டியிருக்கக் கூடாது என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி, நாம் பார்க்க முடியுமா. தாராளமாக முடியும், கொஞ்சம் திட்டமிட வேண்டும். ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரே பகுதியில் கார் வாரம் நடக்கும், பெபிள் பீச் போட்டி அந்த வாரத்தின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் விலை அதிகம், ஆனால் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அதே கார்களில் பல ஊர்வலமாகச் சாலையில் வரும், ஓரத்தில் நின்று பார்க்கக் காசே வேண்டாம். மே மாதத்தில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வில்லா டெஸ்டே என்ற இதே மாதிரிக் கார் அழகுப் போட்டி நடக்கிறது, பக்கத்தில் இருக்கும் வில்லா எர்பாவில் பொதுமக்களுக்கு என்று ஒரு நாள் வைப்பார்கள். ஒரே ஒருவருக்காகச் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஸ்வெப்டெயில் 2017-ல் முதன்முதலாக வெளியே வந்தது அந்த நிகழ்ச்சியில்தான். வேறு வேலையாக இத்தாலி போகிறவர்கள் மொடேனாவில் ஒரு நாள் தங்கினால் போதும், ஃபெராரியின் இரண்டு அருங்காட்சியகங்கள், சான் செசாரியோவில் பகானியுடையது, எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். பகானியில் நான் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். அங்கே போனால் காரின் மொத்த உருவத்தைப் பார்த்து முடித்த பிறகு கொஞ்சம் குனிந்து டைட்டானியம் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் பகானி என்று பொறித்திருக்கும்.